திவாலாக ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று டாலர்

மேரியட்டா, ஓஹாயோ
நவம்பர் 19, புதன்கிழமை மாலை

மதிப்பிற்குரிய மச்சான் ஆரின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லோர்னாவும், பையன்கள் இருவரும், நாய் டியூக்கும், நானும் இங்கே நலம். உங்கள் நலத்தையும், புதிதாக மாற்றி வைத்த உங்கள் முழங்காலின் நலத்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

கடந்த ஞாயிறு மாலை நாலே காலுக்கு எங்கள் சமையலறையில் குடும்பம் முழுவதும் கூடி, இரு தரப்பையும் கேட்டு, ஒருவர்கூட எதிர்க்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பின்னறையில் நீங்கள் பொம்மை ரயில் மேசையைப் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்காகச் செப்டம்பரிலிருந்து அந்த அறையைக் காலியாக வைத்திருப்பதாகவும், பதினோரு பெட்டி ரயிலும் கட்டிலுக்கு அடியில் கிடப்பதாகவும் லோர்னாவிடம் சொன்னீர்களாம். இனி அந்தத் தியாகம் வேண்டாம். தண்டவாளம் போடுங்கள். மலை வையுங்கள், சுரங்கம் வையுங்கள், பசை போட்டே ஒட்டுங்கள். நாங்கள் வரப்போவதில்லை. நாளை வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் திவாலாகிறோம். அதற்கான பணம் முழுவதும் கையில் இருக்கிறது.

இதைப் படித்ததும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள் என்று தெரியும். திவாலாகிறவனுக்குப் பணம் எதற்கு என்று நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வழக்கறிஞர் டெல்ஃபின் ஓக்ஸ் அம்மையாரிடம் போன பிறகுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது. அவருடைய அலுவலகம் நாலாவது தெருவில், வேக்கூம் கிளீனர் பழுது பார்க்கும் கடைக்கு மேலே. லோர்னாவின் பித்தப்பை அறுவைக்கு ஆன பதினோராயிரத்து நானூறு டாலர் பாக்கியை ஆஸ்பத்திரி யாரோ ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி என்மேல் வழக்குப் போட்டதும் அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்ததும் உண்மை. ஆனால் அவர்களுக்கும் எனக்கும் எந்தப் பழக்கமும் கிடையாதே, பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லையே, ஏதோ விளம்பரம் என்று அதன்மேல் டியூக்கின் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டேன். நான் வராததால் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்து வெள்ளிதோறும் கையில் வரும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு, நூற்று நாற்பது டாலர், கிடங்கு அலுவலகத்திலேயே பிடித்து அவர்களுக்குப் போகிறது. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது திங்கள் காலையிலிருந்து செவ்வாய் காலை பத்து மணி வரை தூக்குகிற பெட்டிகள் அவர்களுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கிம்பிள் நல்ல மனிதர். "டிசம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள பிடிப்பு இல்லாத முழுச் சம்பளச் சீட்டு ஒண்ணு, ஒரே ஒண்ணு, என் கண்ணுல காட்டு வெர்லின். வசந்தம் வரைக்கும் பொறுத்துக்கறேன். இல்லேன்னா சாவியக் குடுத்துரு" என்று கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். சாவு வீட்டில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னதால் விஷயம் முடிந்துவிட்டது என்று லோர்னா புரிந்துகொண்டாள்.

திவால் மனு நீதிமன்றத்தில் ஏறிய அந்த நிமிஷமே சம்பளப் பிடிப்பு நின்றுவிடும் என்றார் டெல்ஃபின் அம்மையார். இதைவிட நல்ல செய்தி உண்டா? உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளவில்லை.

"என் கட்டணம் ஆயிரத்து நூறு. கோர்ட்டுக்கு முந்நூத்து முப்பத்தெட்டு. திவாலாகுமுன்னாடி ஒரு வகுப்பு எடுக்கணும், அதுக்கு இருபத்தஞ்சு."

"என்ன வகுப்பு?"

"பணத்த எப்படிப் பாத்துச் செலவு பண்றதுன்னு."

"உங்க கட்டணத்த மாசாமாசம் தர்றேன் மேடம். நான் சொன்னா சொன்னதுதான்."

"எனக்கு உங்கமேல நம்பிக்கை இருக்கு வெர்லின். அதனாலதான் முன்பணமா கேக்கறேன். எனக்கு நீங்க பாக்கி வச்சிட்டுத் திவாலானா, கோர்ட்டு அடிச்சுப் போடற கடன்ல என்னுதும் சேந்து அடிபட்டுப் போயிரும். நானே மனு எழுதி, நானே என் காச ஒழிச்சுக்கறதா?"

"கோர்ட்டுக் கட்டணத்தையாவது நீதிபதி தள்ளுபடி பண்ண மாட்டாரா?"

"ஏழைன்னா பண்ணுவாரு. ஆனா வக்கீல் வச்சிருக்கீங்களேன்னு கேப்பாரு. வக்கீலுக்கு ஆயிரத்து நூறு குடுத்தவருக்கு முந்நூத்து முப்பத்தெட்டு இல்லையான்னு கேப்பாரு."

இலவச சட்ட உதவி அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே பெயர் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்டில் கூப்பிடுவார்கள். எந்த ஆகஸ்ட் என்று கேட்டதற்கு அந்தப் பெண் மிக அன்பாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன் மச்சான். மொத்தம் ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று. வாரம் நூற்று நாற்பது வீதம் பத்தரை வாரம். அதாவது பிடிப்பை நிறுத்தத் தேவையான பணம் சரியாகப் பிடிபட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பணம்தான். நேர்மையாக ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடக்கூடிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. கம்பெனிக்கே தொலைபேசியில் பேசினேன். நாற்பது நிமிஷம் பியானோ கேட்ட பிறகு மரிசோல் என்ற பெண் வந்தாள்.

"நான் எப்படி உதவலாம் சார்?"

"ஒரு பதினோரு வாரம் மட்டும் என் சம்பளத்துல பிடிக்காம இருக்கணும்மா."

"ஏதாவது அவசரச் செலவா சார்?"

"ஆமா. உங்களுக்குக் குடுக்காம இருக்கறதுக்குத் திவாலாகணும். அதுக்குப் பணம் சேக்கறேன்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், இந்தக் கால் பதிவாகுது. கேக்கறவங்களுக்காகச் சொல்றேன், முடியாது. அப்புறம், பொதுவா ஒரு விஷயம். பிப்ரவரில வரிப் பணம் திரும்ப வரும் பாருங்க, எல்லாரும் அதுலதான் பண்ணுவாங்க. எங்க அம்மா அப்படித்தான் பண்ணாங்க. நானும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிப்ரவரி வரை கிம்பிள் காத்திருக்க மாட்டார் என்றேன். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள். உண்மையிலேயே கேட்டாள் மச்சான், அது குரலில் தெரிந்தது.

ஸ்பகெட்டி விருந்து லோர்னாவின் யோசனை. ஊரில் யாருக்காவது வீடு எரிந்தால், கட்டி வந்தால், தீயணைப்பு நிலையக் கூடத்தில் தட்டு எட்டு டாலருக்கு ஸ்பகெட்டி போட்டுப் பணம் திரட்டிக் கொடுக்கிறோம். நாமும் எத்தனை தட்டு தின்றிருக்கிறோம்! ரிட்டன்ஹவுஸ் வீட்டுக் கொட்டகை எரிந்தபோது நான் மட்டும் மூன்று தட்டு. அதனால் இது பிச்சை அல்ல, போட்டு வைத்ததைத் திரும்ப எடுப்பது என்றாள் லோர்னா. நிலையத் தலைவர் ராய்ஸ் மட்டும் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"தீ, வெள்ளம், புற்றுநோய், சாவு. இதுக்குத்தான் கூடம். திவாலு இதுல இல்ல லோர்னா."

"அறுவை சிகிச்சை?"

"அது இருக்கு. யாருக்கு?"

"எனக்கு. பித்தப்பை."

"அத எடுத்துத்தான் ரெண்டு வருஷம் ஆச்சே!"

"பைதான் போச்சு ராய்ஸ். பில்லு இன்னும் உயிரோட இருக்கு."

ராய்ஸ் நெடுநேரம் புத்தகத்தைப் பார்த்தார். அறுவை நடந்த தேதி பற்றி அதில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பதினைந்தாம் தேதி கூடம் கிடைத்தது. சுவரொட்டியில் "லோர்னாவின் பித்தப்பைக்காக" என்று மட்டும் போட்டோம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வந்தவர்கள் கையில் பூங்கொத்தும், சீக்கிரம் குணமடைய வாழ்த்து அட்டையும் இருந்தன. லோர்னா பெரிய அண்டாவில் சாஸைக் கிளறிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "எழுந்து நடமாட விட்டுட்டாங்களா? உக்காரு, உக்காரு" என்று கரண்டியைப் பிடுங்கினார்கள். அவள் உட்கார மறுக்க மறுக்க அவளுடைய மன உறுதியைப் பற்றிய பேச்சு மேசை மேசையாகப் பரவி, பாதிப் பேர் இரண்டாவது தட்டு வாங்கினார்கள். போதகர் எழுந்து அந்தப் பை விரைவில் தேறி வர வேண்டும் என்று மனமுருகி ஜெபித்தார். ஆமென் சொல்லாமல் இருப்பது மரியாதை அல்ல என்பதால் நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் பதினோரு பேர் சீருடையோடு வந்து சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, பித்தப்பை எடுக்கப்பட்ட அன்று லோர்னாவுக்குக் கம்பளி போர்த்தியவள். அவளுக்கு உண்மை தெரியும். வாயில் ஸ்பகெட்டி இருந்ததால் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பெட்டியில் இருபது டாலர் கூடுதலாகப் போட முயன்றாள். தட்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று லோர்னா திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு பை ஏலம், மாவுக்குள் இனிப்பு வைத்துச் சுடுகிற, தின்கிற பை. பதினாலு பை வந்திருந்தன. லோர்னா செய்த பட்டர்ஸ்காட்ச் பைக்கு எங்கள் கிடங்கில் சம்பளம் போடும் நடீனுக்கும் ராய்ஸுக்கும் போட்டி. நாற்பத்தைந்தில் ராய்ஸ் மூச்சு வாங்கினார். நடீன் அறுபத்தொன்றுக்கு எடுத்தாள். பையை வாங்க வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை ஆனா உன் சம்பளத்துல நூத்து நாப்பது எடுக்கறது நான்தான் வெர்லின். பட்டன நான்தான் அமுக்கறேன். எனக்குத் தூக்கமே வரல" என்றாள். பரவாயில்லை நடீன், நீ அமுக்காவிட்டால் வேறொருவர் அமுக்குவார் என்றேன். "அதத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கறேன். இருந்தாலும் பை நல்லா இருக்கணும்" என்றாள்.

நூற்று நாற்பத்தேழு தட்டு, ஆயிரத்து நூற்று எழுபத்தாறு. பை ஏலம் நானூற்றுப் பன்னிரண்டு. தக்காளிக்கும் மாவுக்கும் ரொட்டிக்கும் போனது நூற்று இருபத்தொன்று. மீதி ஆயிரத்து நானூற்று அறுபத்தேழு. நாலு டாலர் அதிகம்! அதில்தான் இந்த உறையும் அஞ்சல் தலையும் வாங்கினேன். கடன் வாங்காமல், பொருளை விற்காமல், யாரிடமும் கை நீட்டாமல் சொந்த உழைப்பில் திவாலாகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பெருமை பேசுவது நம் குடும்ப வழக்கமில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

டெல்ஃபின் அம்மையார் சாஸ் ஒட்டிய ஒரு டாலர் நோட்டுகளை வாங்க மாட்டாராம், வங்கி டிராஃப்டாகக் கேட்டார். பணத்தைப் போட்டு வைத்திருந்த காப்பி டின்னை லோர்னா குளிர்பதனப் பெட்டியின் மேலே வைத்திருந்தாள். அங்கே ஏற டியூக்கால் முடியும். எனவே திங்கட்கிழமை வங்கியில் கட்டினேன். புதிதாகக் கணக்குத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அங்கே பழைய கணக்கு ஒன்று ஐந்து டாலரோடு தூங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பாக்கிக்கு நல்லெண்ணத்தின் அடையாளமாக இருபது இருபது டாலராக இரண்டு காசோலை அனுப்பினேனே, அந்தக் கணக்குதான். "டிராஃப்டயும் இன்னைக்கே எடுத்துரு வெர்லின், காசு கைய விட்டுப் போற வரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல" என்று லோர்னா வண்டியில் உட்கார்ந்துகொண்டே நச்சரித்தாள். பெண்களுக்கு வங்கி நடைமுறை புரிவதில்லை. வழக்கறிஞரைப் பார்ப்பது வியாழன், திங்களே எடுத்தால் மூன்று நாள் வட்டி வீண். வட்டி ஒரு சென்ட்தான் வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் இந்த நிலைக்கு வந்ததே அந்த ஒரு சென்டை மதிக்காததால்தானே?

நேற்று அந்த இருபத்தைந்து டாலர் வகுப்பையும் முடித்துவிட்டேன். கட்டணத்தை அந்தக் கணக்கிலிருந்தே கார்டில் கட்டி, தொலைபேசியில் ஒன்றேகால் மணி நேரம். ஆசிரியர் பெயர் டக்ளஸ், ஜலதோஷம்.

"மாசம் ஓட்டல் செலவு எவ்வளவு?"

"இல்ல."

"பொழுதுபோக்கு?"

"நாய் இருக்கு."

"உங்க வரவு செலவுல மாசம் ஐந்நூத்து அறுபது டாலர் துண்டு விழுதே, அது எதனால?"

"சம்பளத்துல பிடிக்கறாங்க."

டக்ளஸ் எதையோ தட்டினார். தும்மினார். "இந்த நிலைமைல நீங்க திவாலாகறதப் பத்தி யோசிக்கலாம்" என்றார்.

"அதுக்குத்தான் சார் கூப்பிட்டேன்."

"அப்ப சரியான வழில போறீங்க" என்று சான்றிதழை அனுப்பிவைத்தார். அதைச் சட்டம் போட வேண்டும் என்கிறான் சின்னவன். அவன் பள்ளியில் இதுவரை எதற்கும் சான்றிதழ் வாங்கியதில்லை.

இனி உங்கள் விஷயம். போன வருஷம் என் டிரக்கின் கியர்பெட்டிக்கு நீங்கள் கொடுத்த அறுநூறு டாலரை நான் மறக்கவில்லை. கையில் பணம் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் என்று டெல்ஃபின் அம்மையாரிடம் சொன்னேன். அவர் எழுந்தே விட்டார். "உறவுக்காரருக்கு மட்டும் இப்பக் குடுத்தீங்கன்னா, கோர்ட்டு ஆளு அவர் வீட்டுக்கே போயி அந்தக் காசத் திரும்ப வாங்கிட்டு வந்துருவாரு. மச்சான்மேல பாசம் இருந்தா ஒரு சென்டு குடுக்காதீங்க" என்றார். பாசம் இருக்கிறது மச்சான். அதனால் உங்களுக்கு ஒரு சென்ட்கூடத் தரப்போவதில்லை. கடன்காரர் பட்டியலில் உங்கள் பெயர் ஏழாவது, பல் மருத்துவருக்கும் சோபாக் கடைக்கும் நடுவில். நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அதை விளம்பரம் என்று நினைத்து அதன்மேல் எதையும் வைத்துவிடாதீர்கள்.

ஆக, நாளை மூன்று மணிக்குக் கையெழுத்து. இந்த வாரப் பிடிப்பை நடீன் ஏற்கெனவே அனுப்பிவிட்டாள், போகட்டும். அடுத்த வெள்ளி, இருபத்தெட்டாம் தேதி, முழுச் சம்பளம். அந்தச் சீட்டை ஒன்றாம் தேதி காலையில் கிம்பிளின் கையில் நானே கொடுப்பேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போவார். நாங்கள் இந்த வீட்டிலேயே இருப்போம்.

உங்கள் முழங்கால் நன்றாக மடங்கட்டும். உங்கள் ரயில்கள் தடம் புரளாமல் நேரத்துக்கு ஓடட்டும். நன்றி சொல்லும் நாளில் உங்கள் வான்கோழி காய்ந்துபோகாமல் வேகட்டும். அத்தை மார்வாவின் கல்லறையில் எங்கள் பங்குக்கும் ஒரு பூ வையுங்கள். லோர்னா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பையன்கள் ரயிலின் படம் கேட்கிறார்கள், மேசை போட்டதும் எடுத்து அனுப்புங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
வெர்லின் ஷூமேக்கர்

பி.கு.: வியாழன் பகல் ஒன்றரை மணி. உறையை ஒட்டுமுன் இதையும் சேர்க்கிறேன். காலையில் டிராஃப்ட் எடுக்கப் போனேன். கணக்கில் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் வாங்கிய ஆணை நேற்று நண்பகல் வங்கிக்கு வந்திருக்கிறது, இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டார்கள். என் கணக்கு இங்கேதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பிய இரண்டு காசோலைகளின் நகல் ஆணையோடு இணைக்கப்பட்டிருந்தது. வட்டி ஒரு சென்ட் சேர்ந்திருந்தது, அதுவும் போய்விட்டது. லோர்னா வண்டியில்தான் இருந்தாள். வரிப் பணம் திரும்பும்போது பிப்ரவரியில் வரச் சொன்னார் டெல்ஃபின் அம்மையார். வகுப்புச் சான்றிதழ் மே மாதம் வரை செல்லும். கிம்பிளைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். ஒன்றாம் தேதி மதியம் டிரக்கில் வருகிறோம், நாங்கள் நாலு பேரும் டியூக்கும். ரயில் மேசைக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பையன்களின் மெத்தைகள் முப்பத்தெட்டு அங்குல அகலம்.